பேட்டர்சன் வேலைநிறுத்தக் காட்சி நாடகம்: ஒரு திறனாய்வு

1. தோற்றுவாய்

நாடகம் என்னும் சொல் நூலையும் குறிக்கும், ஆடலையும் குறிக்கும். நம் திறனாய்வாளர் பெரும்பாலும் நூலாய நாடகத்தையே ஆராய்ந்து வந்துள்ளனர். ஏட்டில் நில்லாது, ஒரே ஓரிரவில் ஆடப்பெற்று, மீண்டும் ஆடப்பெறாது ஒழிந்த நாடகமும் உண்டு. அத்தகைய நாடகத்தைத் தொழிலாளர் கிளர்ச்சியை நடத்தியோரே அமைக்க, கிளர்ச்சியில் நின்ற தொழிலாளரே நடித்தனராயின், அதனை எவ்வளவுகோலால் அளப்பது? கலையளவு ஒன்றே அமையுமா? அன்றிக் கிளர்ச்சியின் வெற்றி தோல்வியே நாடகத்தின் வெற்றி தோல்வியாகுமா? இவ்வினாக்களை, 1913ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் நியூயார்க் நகரில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்னும் பேரரங்கில் ஆடப்பெற்ற பேட்டர்சன் வேலைநிறுத்தக் காட்சி நாடகத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கிளர்ச்சியின் வரலாறு

அமெரிக்க நாட்டு நியூஜெர்சி மாநிலத்தில் பசேய்க் ஆற்றின் அருவியை அடுத்து அமைந்தது பேட்டர்சன் நகரம். பட்டு நெசவாலும் சாயத்தொழிலாலும் அது பட்டு நகரம் எனப் பெயர் பெற்றது. அங்கே ஆலைகளும் சாயச்சாலைகளும் ஏறத்தாழ முந்நூறு இருந்தன. அவற்றுள் இத்தாலியரும், யூதரும், செருமானியரும், பிறரும் உழைத்தனர். நெசவாளர் ஒருவர் இரண்டு தறிகளைக் காத்து வந்த நிலையை மாற்றி, நான்கு தறிகளைக் காக்க வேண்டுமென ஆலையுடையார் வற்புறுத்தினர். ஒருவர் நான்கு தறி காப்பின் மற்றொருவர் வேலை இழப்பார். கூலியும் நாளடைவில் குறையும். இதனை நெசவாளர் நன்கு உணர்ந்திருந்தனர். 1913 பிப்பிரவரி 25ஆம் நாள் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்னும் வேண்டுகோளும் எழுந்தது. வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டோர் தொகை இருபத்தையாயிரத்தை எட்டியது.

இக்கிளர்ச்சியை ஒழுங்குபடுத்த வந்தவர் உலகத் தொழிலாளர் சங்கத்தைச் சார்ந்த வில்லியம் ஹேவுட், எலிசபெத் கர்லி பிளின், கார்லோ திரெஸ்கா முதலியோர். முதல் நாளிலேயே பிளின் அம்மையாரும் திரெஸ்காவும் சிறைப்படுத்தப் பெற்றனர். நகருள் கூட்டங்கள் தடைப்பட்டமையின், அடுத்துள்ள ஹாலிடன் என்னும் சிற்றூரே தொழிலாளர்க்குப் புகலிடமாயிற்று. அவ்வூர்த் தலைவர் சமவுடைமைக் கொள்கையினர். அங்கே பொத்தோ என்னும் நெசவாளர் குடும்பத்தின் வீட்டு மேன்மாடத்தில் நின்று தலைவர்கள் பேசினர். ஞாயிறுதோறும் பல்லாயிரவர் புல்வெளியில் திரண்டு கேட்டனர்; பல மொழிகளிற் பாடினர். ஏப்பிரல் 17ஆம் நாள், தன் வீட்டு வாயிலில் நின்ற வாலன்டினோ மோடஸ்டினோ என்பவர் ஆலைக் காவலர் சுட்ட குண்டிற்கு இரையானார். அவர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவரும் அல்லர்.

3. நாடகத்தின் அமைப்பு

ஏப்பிரல் இறுதியில் இளைஞராகிய ஜான் ரீடு என்னும் எழுத்தாளர் கிளர்ச்சியைக் காணப் பேட்டர்சன் சென்று, சிறைப்பட்டு, சில நாள் தொழிலாளரோடு உடன் உறைந்தார். நியூயார்க் நாளிதழ்கள் இக்கிளர்ச்சியின் உண்மையை மறைக்கின்றன என்னும் குறை அந்நாளில் பெரிதாயிருந்தது. மேபல் டாட்ஜ் என்னும் செல்வ மாதின் நண்பர் குழுவில் ஹேவுட் அக்குறையைக் கூறக் கேட்டோர், கிளர்ச்சியையே அரங்கிற்குக் கொணரலாம் என எண்ணினர். பொறுப்பை ரீடு ஏற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் காண்போரை ஒருங்கே ஆரவாரிக்கச் செய்து பழகியவர் அவர்; அப்பயிற்சி ஆயிரவரைப் பாடவைக்க உதவியது. அரங்க அமைப்பில் ராபர்ட் எட்மண்ட் ஜோன்சு துணைநின்றார். ஆலையின் பெருந்தோற்றத்தைத் திரையில் தீட்டுவதில் ஓவியர் ஜான் சுலோன் துணைநின்றார். சில வாரங்களில் எல்லாம் முடிந்தன.

நடித்தோர் ஆயிரவருக்கு மேற்பட்ட தொழிலாளர். அவர்கள் புகைவண்டியிலும் படகிலும் நியூயார்க் சேர்ந்து, நகர வீதியில் அணிவகுத்து அரங்கை அடைந்தனர். காண வந்தோர் ஏறத்தாழப் பதினையாயிரவர். அரங்கின் கோபுரத்தில் சங்கத்தின் பெயரெழுத்துக்கள் செந்நிற மின்விளக்கால் ஒளிர்ந்தன.

நாடகம் ஆறு காட்சிகளை உடையது. ஆலை உயிர்த்திருக்கத் தொழிலாளர் உயிரற்று நடக்கும் விடியற்பொழுது முதற்காட்சி. ஆலை ஓயத் தொழிலாளர் உயிர்பெறும் மறியல் இரண்டாவது. மோடஸ்டினோவின் இறுதிச்செலவு மூன்றாவது. ஹாலிடன் ஞாயிற்றுக் கூட்டம் நான்காவது. தாயர் தம் பிள்ளைகளை வேற்றூர்த் தொழிலாளரிடம் ஒப்புவித்து அனுப்புதல் ஐந்தாவது. வேலைநிறுத்தக் கூட்டம் ஆறாவது. காட்சிகளின் பொருளைக் கூறும் அச்சிட்ட நிகழ்ச்சிக் குறிப்பன்றி, பேச்சு முழுவதையும் வரைந்த பனுவல் இதற்கு இல்லை. பேசியோர் தம் சொல்லையே பேசினர். பாடியோர் தாம் வீதியிற் பாடியவற்றையே பாடினர்.

4. நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

தொல்காப்பியர் புலனெறி வழக்கத்திற்கு நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் அடிப்படையாகக் கொண்டார். அகப்பொருட்கு உரைத்த அப்பாகுபாடு ஈண்டும் விளக்கம் தருவதாகும். பேட்டர்சன் நாடகத்தில் மாந்தரும் நிகழ்ச்சியும் சொல்லும் உலகியல். தேர்வும் வரிசையும் நாடகம். மூன்று திங்கட் கிளர்ச்சியில் பசியும் சலிப்பும் உட்பூசலும் இல்லாமல் இல்லை. அவை அரங்கேறவில்லை. ஆலையும் தொழிலாளரும் மாறி மாறி உயிர்ப்பதும் மாய்வதுமாக அமைத்த முதலிரு காட்சிகளின் முரண், உலகியலில் உள்ளதைக் கூர்மைப்படுத்திய நாடக வழக்கு. இத்தேர்வு பொய்யன்று, கலையின் இயல்பே ஆகும்.

மெய்ப்பாட்டியல் நோக்கிற் காணின் மூன்றாம் காட்சியே சிறந்தது. அழுகைக்கு இழவையும் வறுமையையும், வெகுளிக்கு அலைப்பையும் கொலையையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்தார். இறுதிச்செலவில் இவை ஒன்றையொன்று பற்றி எழுகின்றன. பிணப்பேழை காண்போரின் நடுவே அமைந்த வழியாகவே மேடைக்குக் கொண்டுசெல்லப் பெற்றது. தொழிலாளர் அதன்மேற் செம்மலர் இட்டுச் சென்றனர். அரங்கின் எல்லை அப்போது அழிந்தது. இவ்வுத்தி பின்னர் அமெரிக்க நாடகத்தில் பெரிதும் பயின்றதாயினும், இங்கு அழகுக்கென்று புணர்க்கப்பட்டதன்று, செய்தியின் இயல்பிற்பிறந்தது.

5. பிளின் அம்மையாரின் குறைகாணல்

வேலைநிறுத்தம் 1913 சூலை இறுதியில் தோல்வியுற்றது. பிரிவு பிரிவாகத் தொழிலாளர் ஆலை திரும்பினர். 1914 சனவரி 31ஆம் நாள் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் பிளின் அம்மையார் நாடகத்தின்மீது மூன்று குறை கூறினார். பெரும்பொருள் வரும் என்று எதிர்நோக்கிய தொழிலாளர்க்கு ஒன்றும் வாராமை ஐயத்தை விளைத்தது என்பது ஒன்று. ஆயிரவர் நடிக்க, ஏனையோர் ஒதுக்கப்பட்டமையால் பொறாமை தோன்றியது என்பது மற்றொன்று. மறியலில் நிற்க வேண்டியோர் ஒத்திகையில் நின்றனர். அவ்வமயத்தே கருங்காலிகள் ஆலை புகுந்தனர் என்பது மூன்றாவது.

முதற்குறை உண்மையே. ஓரிரவு நாடகத்தின் செலவு பெரிது. விலையுயர்ந்த இருக்கைகள் எளிதில் நிரம்பவில்லை. தொழிலாளர் குறைந்த விலைக்குப் புகுந்தனர். இறுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர் இழப்பே எஞ்சியது. எனினும் இது கணக்கின் குறை, நாடகத்தின் குறையன்று. ஈட்ட இயலாததை ஈட்டலாமெனத் தொழிலாளரை நம்பச் செய்ததே பிழை.

ஸ்டீவ் கோலின் என்னும் வரலாற்றறிஞர் 1988இல் வெளியிட்ட நூலில் பிளின் அம்மையாரின் கருத்தை மறுத்தார். நாடகம் நோக்கியது விளம்பரம், அது கிட்டியது. தோல்விக்குக் காரணம் வேறு. பேட்டர்சன் ஆலையுடையார்க்குப் பென்சில்வேனியா மாநிலத்திலும் ஆலைகள் இருந்தன. அவை ஓடிக்கொண்டிருந்தமையால் அவர் பொறுத்திருக்க முடிந்தது. தொழிலாளர்க்குப் பொறுத்திருக்க உணவில்லை. இவ்வாராய்ச்சி ஏற்கத்தக்கதே. ஓரிரவு நாடகம் ஐந்து திங்கட் போரைத் தோற்பித்தது என்பது காரண காரிய முறைக்குப் பொருந்தாது.

அவ்வாறாயின் அம்மையாரின் கூற்று முழுதும் வீழுமோ எனின், வீழாது. அதன் இரண்டாம் மூன்றாம் கூறுகளில் காரணவாதத்தின் வேறாய ஒரு கலைக்கொள்கை அடங்கியுள்ளது. அதனை இருதிறத்தாரும் விளங்க எடுத்துரைத்திலர்.

6. கண்டோரும் அஞ்சினோரும்

மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், புலியைக் கண்டு அஞ்சினான் ஒருவனது அச்சம் வேறு, அவனைக் கண்டாரிடத்துத் தோன்றும் உணர்வு வேறு என்னும் நுட்பத்தை விளக்குவார். அஞ்சினானைக் கண்டார்க்கு நகையும் தோன்றலாம், இரக்கமும் தோன்றலாம், அவனது அச்சமே தோன்ற வேண்டும் என்பதில்லை. பேட்டர்சன் நாடகத்தை மதிப்பிட இதனினும் ஏற்ற கருவி கிடைத்தல் அரிது.

அரங்கில் நடித்தோர் புலியைக் கண்டோர். விலையுயர்ந்த இருக்கையில் அமர்ந்தோர் அவரைக் கண்டோர். விலை குறைந்த இருக்கைகளில் திரண்ட நியூயார்க்குத் தொழிலாளரோ தாமும் அப்புலியை வேறு காட்டிற் கண்டோர். ஆகவே ஒரே காட்சி மூவகைச் சுவையைப் பிறப்பித்தது. நியூயார்க் டைம்ஸ் இதழ் இந்நாடகம் வெறுப்பை வளர்ப்பது எனக் கண்டித்ததும், கலையார்வலர் புதுமை எனப் போற்றியதும், தொழிலாளர் எழுந்து உடன்பாடியதும் இதனாலேயே முரணாகத் தோன்றுகின்றன. மூன்றும் மெய்யே.

இனி ஹாலிடனை நோக்குக. அங்கும் பாட்டு உண்டு, பேச்சு உண்டு, மேன்மாடமாகிய மேடையும் உண்டு. ஆயின் கண்டோர் அஞ்சினோரின் வேறல்லர். அனைவரும் நடித்தோர், அனைவரும் கேட்டோர். இருபத்தையாயிரவருள் ஆயிரவரைத் தெரிந்தெடுக்கும் தேவை அங்கு இல்லை. திங்கட்கிழமை விடியலில் மறியலுக்குச் செல்லும் ஊக்கமே ஞாயிற்றுக் கூட்டத்தின் பயன். மாடிசன் அரங்கின் பயன் பிறர் மனத்தில் எழுந்த உணர்வு. அதனை மறுநாள் பேட்டர்சன் ஆலை வாயிலுக்குக் கொணர வழி இல்லாதிருந்தது.

ஆகவே அம்மையார் பொறாமை என்றதைத் தனியார் குணக்கேடாகக் கொள்ளல் பொருந்தாது. எல்லார்க்கும் உரிய வாழ்வைச் சிலர் நடிக்கப் பலர் காணுமாறு செய்தமையின் விளைவு அது. நான்காம் காட்சியாக ஹாலிடன் கூட்டத்தையே அரங்கேற்றியதில் இம்முரண் தெளிவாகிறது. எல்லாரும் பங்குகொண்ட நிகழ்ச்சி அங்குக் காட்சிப் பொருளாயிற்று. திறனாய்வாளர் இதனைக் குறிக்காது விட்டமை வியப்பே.

7. மறுப்பும் அமைதியும்

இங்கு ஒரு தடை எழலாம். ஹாலிடன் கூட்டம் தன்னினத்தார்க்கு ஊக்கம் தரும், வெளியாரை ஈர்க்காது. வெளியார் துணையின்றிப் பசித்தோர் எவ்வாறு நிற்பர்? இத்தடை வலிவுடையது. பிள்ளைகளை வேற்றூர்க்கு அனுப்பிய செயலே வெளியார் துணையை நாடியதுதான். ஆயின் அப்பிள்ளைகளை ஏற்றோர் காண்போராக நில்லாது தம் வீட்டில் உணவிட்டனர். ஐந்தாம் காட்சியின் சிறப்பும் அதுவே. கண்டோர் செய்வோராக மாறும் வழியை நாடகம் ஆறு காட்சிகளுள் ஒன்றில்தான் காட்டியது; அரங்கைவிட்டு வெளிப்போந்தார்க்கு அவ்வழியைத் திறந்து வைக்கவில்லை.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பேட்டர்சன் நாடகம் கலையளவில் வெற்றி பெற்றது என்பதும், வேலைநிறுத்தத்தின் தோல்விக்கு அது காரணமன்று என்பதும், எனினும் பிளின் அம்மையாரின் குறைகாணலில் நிலைபேறுடைய ஓர் உண்மை உண்டென்பதும் பெறப்படும். கிளர்ச்சி நடத்துவோர் ஆக்கும் கலையை ஆராய்வார் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். செய்தோர் யாவர்? கண்டோர் யாவர்? மறுநாள் கண்டோர் செய்தது யாது? முதல் வினாவிற்குப் பேட்டர்சன் நாடகம் பெருமிதத்தோடு விடை தரும். இரண்டாவதற்கு மூவகை விடை தரும். மூன்றாவதற்கு அதனிடம் விடை இல்லை.

பொத்தோ குடும்பத்தின் வீடு 1982இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பெற்றுத் தொழிலாளர் காட்சியகமாக விளங்குகிறது. நாடகம் நிகழ்ந்த மாடிசன் அரங்கோ 1920களிலேயே இடிக்கப்பட்டது. கட்டடம் நிற்றலும் வீழ்தலும் கலையின் மதிப்பை உறுதி செய்யா. எனினும் அம்மேன்மாடத்தின்கீழ் நின்று பாடியவர் ஒருவரும் தம்மை நடிகர் என எண்ணியிரார்; அவர் பாடியதைக் குறித்துவைத்தாரும் மிகச் சிலரே. நூலாய நாடகத்தை மட்டும் ஆராயும் பழக்கத்தை விடுத்து, அத்தகைய பாட்டையும் கூட்டத்தையும் இலக்கிய ஆராய்ச்சியின் எல்லைக்குள் கொணர்தல் நம் கடமையாகும்.