மறவாமையின் துயர்

புறநானூற்று 243-ஆம் பாட்டு பொதுவியல் திணையும் கையறுநிலைத் துறையும் பெற்றது. கையறுநிலை பெரும்பாலும் இறந்த தலைவனுக்கு இரங்குவது. ஈண்டுத் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமைக்கே இரங்குகின்றார். இதனை முதுமைத் தளர்ச்சி கூறும் பாட்டென்று மட்டும் கொள்ளுதல் போதாதென்பது எம் கருத்து.

தண்டூன்றி நடுங்கும் உடலையும், இருமலிடையே எழும் சில சொற்களையும் அவர் கூறுவர். நினைவைக் குறை கூறினாரல்லர். மணற்பாவைக்குச் சூட்டிய பூவும், மருதக் கிளையேறி மடுவிற் பாய்ந்து கொணர்ந்த மணலும் அவர் நெஞ்சிற் பிறழாது நிற்கின்றன. சொல் சுருங்கியது என்பாரது பாட்டில் இளமைக் காட்சியே பேரிடம் பெறுதலும் காண்க. முதியோர் துயர் மறதியால் விளைவது என்னும் பொதுக்கருத்து ஈண்டுச் செல்லாது. தளராத நினைவே உடற்றளர்ச்சியை அளக்கும் கோலாகின்றது. இளமை எங்குளதோ என்னும் வினா மறவாதார்க்கே எழும் என்க.