எரிந்த சுருள்களும் பவுலின் கண்டிப்பும்

ஆதி கிறிஸ்தவத்தின் கிரேக்க உரோமப் பின்னணியைக் குறித்துக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்துள்ள நூல்கள் மிகப் பல. அவற்றின் முடிவுகள் இன்று நம் மாணவர்களின் கட்டுரைகளிலும், ஏன், ஞாயிறு பிரசங்கங்களிலும்கூடத் தாராளமாக இடம்பெறுகின்றன. அம்முடிவுகள் எவ்வாறு பெறப்பட்டன என்னும் கேள்வி மட்டும் இடம்பெறுவதில்லை. இக்குறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக ஆராய விரும்புகிறோம். எப்பிக்கூரத் தத்துவஞானியாகிய பிலோதேமு எழுதிய ‘வெளிப்படைப் பேச்சைப் பற்றி’ என்னும் நூலும், அதனைப் பவுலின் திருமுகங்களோடு ஒப்பிட்டு எழுந்த ஆய்வுகளுமே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பிலோதேமு ஏறத்தாழ கி.மு. 110-இல் கதரா என்னும் நகரில் பிறந்தவர். மாற்கு, லூக்கா நற்செய்திகளின் பழைய மொழிபெயர்ப்பில் நாம் காணும் ‘கதரேனர்’ என்ற சொல் இந்நகரின் பெயரிலிருந்து வந்ததே. அத்தேனே பட்டணத்தில் சீதோன் ஊரானாகிய சேனோவிடம் கற்று, பின்னர் இத்தாலி நாட்டிற்குச் சென்றார். ஜூலியஸ் சீசரின் மாமனாராகிய பீசோ அவரை ஆதரித்தார். உரோமப் பெருங்கவிஞரான வெர்ஜிலின் பெயரைப் பிலோதேமு தம் நூலொன்றில் குறிப்பிட்டுள்ளார் என்பது 1989-இல் வெளியிடப்பட்ட ஏட்டுத்துண்டொன்றினால் உறுதியாயிற்று. பவுலுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர் என்பதை வாசகர் நினைவிற்கொள்ளவேண்டும்.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்க்குலேனியம் நகரின் மாளிகையொன்றில் இருந்த நூலகம் கரியாகிப் புதையுண்டது. அம்மாளிகை பீசோவின் குடும்பத்திற்குரியது என்பது பரவலான ஊகம், நிரூபணம் அன்று. 1752-இல் சுருள்கள் வெளிப்பட்டன. கத்தியால் பிளந்து பார்த்தே பல சுருள்கள் அழிக்கப்பட்டன. பின்னர் வத்திக்கானிலிருந்து வந்த பியாஜியோ என்னும் பாதிரியார் சுருள்களைப் பட்டுநூலில் தொங்கவிட்டு அங்குலம் அங்குலமாக விரிக்கும் பொறியொன்றை அமைத்தார். நாம் பேசவந்த நூல் இவ்வாறு விரிக்கப்பட்டவற்றுள் ஒன்று. 1914-இல் ஒலிவியேரி அதனைப் பதிப்பித்தார். 1998-இல் ஐவர் கொண்ட குழுவினர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டபின்னரே, பழைய தத்துவத்தில் தேர்ச்சி பெறாத திருமறை மாணவரும் அதனை அணுக இயன்றது.

நூலின் பொருள் திருப்பணியாளருக்கு அந்நியமானதன்று. நண்பர் குழுவில் ஒருவன் தவறினால் அவனை எவ்வாறு திருத்துவது? கடிந்து பேசுவதா, இதமாகப் பேசுவதா? ஆசிரியர் மருத்துவருக்கு ஒப்பிடப்படுகிறார். எட்டிபோல் கசக்கும் மருந்து எப்போது தேவை, எப்போது தீங்கு என்று வினவப்படுகிறது. மாணவர் தம் குற்றங்களை மறைக்காமல் அறிக்கையிடவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஞானிகளும் ஒருவரையொருவர் திருத்துவார்களா என்னும் வினாவும் எழுகிறது. முதியோரும், புகழ்பெற்றோரும், பெண்களும் கண்டனத்தை ஏற்க ஏன் கடினப்படுகின்றனர் என்று இறுதிப் பகுதியில் ஆராய்கிறார். பெண்களைப்பற்றிய அவர் கூற்றை இன்று எவரும் ஏற்கமாட்டார். புகழ்பெற்றோரைப்பற்றிய கூற்றோ எந்தச் சபைக் கமிட்டியிலும் மெய்ப்படுவதாகும். ‘உண்போம், குடிப்போம்’ என்பதே எப்பிக்கூரரின் மதம் என நாம் பிரசங்கித்து வந்திருக்கிறோம். பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் எடுத்தாளும் அவ்வாக்கியம் எப்பிக்கூருவினுடையதன்று, ஏசாயாவினுடையது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நலம்.

இந்நூலைக் கொண்டு முதலில் பெரியதொரு மாளிகை கட்டியவர் டிவிட் என்னும் அறிஞர். எப்பிக்கூரச் சங்கங்களின் அமைப்பைக் குறித்து 1936-இல் எழுதிய கட்டுரையில், சிதைந்த வரிகளில் ஆங்காங்கே தென்பட்ட சொற்களைத் திரட்டி, ஞானி முதல் புதிய மாணவன் வரை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் படிநிலைகளை அவர் வகுத்தார். 1954-இல் வெளியிட்ட நூலில் பவுலின் சிந்தனையும் சொற்களும் எப்பிக்கூருவிடமிருந்து வந்தவை என்றளவிற்குச் சென்றார். ஆனால் ஜிகாந்தே என்னும் இத்தாலிய அறிஞர் மூலப்பகுதிகளை மீண்டும் ஆராய்ந்து, அப்படிநிலைகளுக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். பதவிப் பெயர்கள் என்று கருதப்பட்டவை பலவும் சாதாரணச் சொற்களே. மாளிகை சரிந்தது, எனினும் அதன் செங்கற்கள் இன்னும் சில கையேடுகளில் கிடக்கின்றன.

டிவிட்டைவிட மிகுந்த நிதானம் உடையவர் கிளாட். ‘பவுலும் பிலோதேமுவும்’ என்னும் அவர் நூல் 1995-இல் வெளியாயிற்று. பவுல் எப்பிக்கூரரிடம் கடன்பெற்றார் என்று அவர் வாதிடவில்லை. பலவீனரை ஒருவிதமாகவும் முரடரை வேறுவிதமாகவும் நடத்துதல், அப்பொறுப்பைத் தலைவரிடம் மட்டும் விடாமல் குழுவினர் அனைவரும் பகிர்ந்துகொள்ளுதல் ஆகிய நடைமுறைகள் இரு குழுக்களிலும் ஒத்திருக்கின்றன என்பதே அவர் முடிவு. இது நமக்குப் பயன்தரும் பார்வை என்பதில் ஐயமில்லை. 1 தெசலோனிக்கேயர் 5:14-இல் ஒழுங்கற்றவர், திடனற்றவர், பலவீனர் என மூவரைப் பவுல் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வினைச்சொல்லைத் தருகிறார். அக்கட்டளை மூப்பருக்கு மட்டுமன்றிச் சகோதரர் யாவருக்கும் உரியது. ‘புத்திசொல்லுதல்’ என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் பிலோதேமுவிலும் உண்டு. கிளாட்டின் நூலைப் படித்தபின் இவ்வசனத்தைப் பழைய கண்ணோடு வாசிக்க இயலாது.

ஆயினும் நமக்கு மூன்று தடைகள் தோன்றுகின்றன. முதலாவது, சொல்லைப்பற்றியது. பிலோதேமுவின் நூற்பெயராகிய ‘பர்ரேசியா’ என்னும் சொல்லைப் பவுல் நண்பரைத் திருத்தும் கலை என்ற பொருளில் வழங்குவது அரிது. உபத்திரவத்தின் நடுவே நற்செய்தியைக் கூறும் தைரியம், மறைவின்றி உரைக்கும் உரிமை என்பவையே அவரிடம் மேலோங்குகின்றன. பிலேமோன் 8-ஆம் வசனத்தில் மட்டும் அது கட்டளையிடும் உரிமையாக வருகிறது. அங்கும் பவுல் அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல் அன்பினிமித்தம் மன்றாடுகிறார். இந்த விலகலே நமக்கு ஒற்றுமையைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. எரிச்சலோடு பீடத்திலிருந்து சபையாரைச் சாடிவிட்டு, அதற்கு ‘அப்போஸ்தல தைரியம்’ என்று பெயரிடும் வழக்கம் நம்மிடையே இல்லாமலில்லை.

இரண்டாவது தடை யூதப் பின்னணி. பிறனைக் கடிந்துகொள்ளவேண்டும் என்னும் கட்டளை லேவியராகமம் 19:17-இல் உள்ளது. கும்ரான் சமூகத்தின் ஒழுங்கு நூல், உண்மையோடும் தாழ்மையோடும் அன்போடும் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளப் பணிக்கிறது. சாட்சிகள் முன்னிலையில் கடிந்துகொள்ளாமல் ஒருவன்மேல் பலர்முன் வழக்குக் கொண்டுவரலாகாது என்றும் விதிக்கிறது. மத்தேயு 18:15-17 இதற்கு எத்தனை அண்மையில் நிற்கிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. மேலும், வெளிப்படைப் பேச்சு எப்பிக்கூரரின் தனிச்சொத்தும் அன்று. முகத்துதிக்காரனை நண்பனிலிருந்து பிரித்தறிவது பற்றிப் புளூட்டார்க்கு எழுதியதில் இதே மருத்துவ உவமை காணப்படுகிறது. ஒத்த வரிகளைக் கண்டவுடன் உறவு கற்பிக்கும் மோகத்தைக் குறித்து சாண்ட்மெல் 1962-இல் வெளியிட்ட எச்சரிக்கை இன்னும் பழமைப்பட்டுவிடவில்லை.

மூன்றாவது தடையே மிகப் பெரிது: மூலத்தின் நிலை. 1 தெசலோனிக்கேயர் 2:7-ஐக் கவனிப்போம். அங்கே பவுல் தம்மைப் பாலூட்டும் தாய்க்கு ஒப்பிடுவதை, தத்துவப் பேச்சாளரின் மரபோடு மால்கெர்பே 1970-இல் சிறப்பாக ஒப்பிட்டார். அவர் எடுத்த முக்கியச் சான்றாகிய தியோ பவுலுக்குப் பிற்பட்டவர். ஆகவே அது பொதுமரபுக்குச் சான்றேயன்றிக் கடனுக்குச் சான்றன்று. அதே வசனத்தில் ‘சாந்தமுள்ளவர்’ என்பதா ‘குழந்தைகள்’ என்பதா பவுல் எழுதியது என்பது ஒரேயொரு கிரேக்க எழுத்தைப் பொறுத்தது. நெஸ்லே பதிப்புகளே இதில் கருத்து மாறியுள்ளன. எண்ணற்ற கையெழுத்துப் பிரதிகள் உள்ள நூலுக்கே இந்நிலை என்றால், ஒரே கரிச்சுருளில் மட்டும் எஞ்சிய நூலைப்பற்றி என் சொல்வது? பிலோதேமுவின் பக்கங்களில் மேற்பகுதி இல்லாதவை பல. துண்டுகளுக்கு ஒலிவியேரி அளித்த வரிசையும் உறுதியானதன்று என்பதை வைட்டு 2004-இல் வெளியான ஆய்வில் விளக்கியுள்ளார். பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பிய எழுத்துக்களைச் சதுர அடைப்புக்குறியில் இடுவர். ஐயமான எழுத்தின்கீழ்ப் புள்ளி வைப்பர். மேற்கோள் எடுப்பவர் கையில் அடைப்புக்குறிகள் முதலில் உதிர்ந்துபோகின்றன, பின்பு புள்ளிகள். மூன்றாம் கைக்கு வரும்போது ஊகம் வரலாறாகிவிடுகிறது.

அண்மைக்காலத்தில் இத்துறை புதிய ஊக்கம் பெற்றுள்ளது. விரிக்கப்படாத சுருளை ஊடுகதிர்களால் படமெடுத்து, கணிப்பொறியைப் பயிற்றுவித்து மையின் தடத்தைக் காணும் முறையில், 2023-இல் ‘ஊதா’ என்னும் பொருளுள்ள சொல் முதலில் வாசிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இன்பத்தைக் குறித்த நூலொன்றின் பதினைந்து பத்திகள் வெளியாயின. இளைஞர் மூவருக்கு 7,00,000 டாலர் பரிசு கிடைத்தது. அது பிலோதேமுவின் நூலாயிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. வாசிக்கப்பட்டது அச்சுருளில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கே. 2025-இல் ஆக்ஸ்போர்டிலுள்ள வேறொரு சுருளின் தலைப்பு, பிலோதேமுவின் ‘தீய குணங்களைப் பற்றி’ என அறியப்பட்டது. கணிப்பொறி தானாக எழுத்துக்களைப் புனைந்துவிடாதபடி அதற்கு மிகச் சிறு பரப்பை மட்டுமே காட்டியதும், வாசிப்பைப் பாப்பிரஸ் வல்லுநரிடம் ஒப்படைத்துச் சரிபார்த்ததும் பாராட்டுக்குரிய எச்சரிக்கைகள். பொறி காட்டியது எது, மனிதர் நிரப்பியது எது என்ற எல்லையை இவர்கள் காத்தனர். பவுலையும் பிலோதேமுவையும் அருகருகே வைக்கும் நம் துறையில் அதே எல்லை பலமுறை அழிக்கப்பட்டுள்ளது என்பதே நம் முறையீடு.

இன்னும் விரிக்கப்படாத சுருள்கள் சில நூறு உள்ளன. அவற்றில் வெளிப்படைப் பேச்சைப்பற்றிய வேறு பகுதிகள் கிடைக்கக்கூடும். கிளாட்டின் முடிவு வலுப்பெறலாம், தளரலாம். அதுவரையில், தெசலோனிக்கேயர் திருமுகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் பிலோதேமுவின் பக்கமொன்றை அடைப்புக்குறிகளும் புள்ளிகளும் குறையாமல் கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் பவுலின் வசனத்தை எழுதுவாராக. மாணவர் கண்ணில் முதலில் படுவது வெற்றிடங்களாகவே இருக்கும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.