மாப்பசானைத் தமிழில் தருதல்

பிறமொழி இலக்கியம் தமிழுக்கு வரும் வழிகள் இரண்டு. ஊரையும் பேரையும் மாற்றித் தமிழுடை உடுத்துவது தழுவல். வந்த கோலத்திலேயே வரவேற்பது மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு எழுத்தாளர் கீ த மாப்பசானின் (1850–1893) படைப்புகளைக் கொண்டு இவ்விரு வழிகளையும் ஈண்டு எடைபோடுவோம்.

மாப்பசானின் கவிதைத் தொகுதியும், அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிய ‘பூல் த சுய்ஃப்’ என்னும் கதையும் 1880-ஆம் ஆண்டில் வெளிவந்தன. பின்னர் அவர் கதைத்துறையிலேயே நிலைத்து, ஏறத்தாழ முந்நூறு சிறுகதைகள் படைத்தார்.

அவர் கவிதைகளைத் தமிழாக்குவோர்க்கு முதல் இடர் ஓசையே. பிரெஞ்சு மரபுக் கவிதை அடியின் இறுதியில் ஒலி ஒன்றி வருவது. நம் யாப்பு நூலார் இதனை இயைபு என்பர். தமிழ்ச் செவியோ அடியின் முதலில் வரும் எதுகையில் தோய்ந்தது. எதுகைக்கு மாறினால் பாட்டு தமிழாகும். மூலத்தின் முடிவோசை மறையும். இரண்டில் ஒன்றை இழந்தே ஆகவேண்டும்.

கதைகள் எளிதிற் பெயரும் என்பது பொதுவான எண்ணம். புதுமைப்பித்தனின் ‘சமாதி’, ‘நொண்டி’, ‘பயம்’ ஆகியவை மாப்பசானின் தழுவல்கள் என ஆய்வாளர் சுட்டுவர். அம்மேதையின் கைபட்டு அவை தமிழ்க் கதைகளாகவே உலவுகின்றன. எனினும் எல்லாக் கதைகளும் தழுவலுக்கு இணங்குவதில்லை.

1884-இல் வெளிவந்த அட்டிகைக் கதையைக் காண்போம். எழுத்தர் ஒருவரின் மனைவி மத்தில்து, தோழியிடம் வைர அட்டிகையை இரவல் பெற்று விருந்துக்குச் சென்று தொலைத்துவிடுகிறாள். 36,000 பிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, கணவனும் மனைவியும் பத்தாண்டுகள் உழைத்துக் கடனடைக்கின்றனர். தொலைந்தது போலி, 500 பிராங்குக்கு மேல் பெறாது என்பது இறுதியில் தெரிகிறது. இதனை நம்மூர்ப் பொன்னகையாக மாற்றினால் கதையே நிலைகுலையும். இரவல் வாங்கும்போதே எத்தனை பவுன் என்று கேட்டறிவது நம் வழக்கம். உரைகல்லும் அடகுக்கடையும் மீதியைச் சொல்லிவிடும்.

மற்றொன்றும் உண்டு. பத்தாண்டுகளுக்குப் பின் எதிர்ப்படும் மத்தில்தை அடையாளம் காணாத தோழி, மரியாதைப் பன்மையில் பேசுகிறாள். யாரென்று அறிந்ததும் ஒருமைக்கு மாறுகிறாள். வறுமை மறைத்த நட்பு ஒரு முன்னிலைச் சொல்லில் மீள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்லாதலால், அவ்வழியாகப் பெயர்ப்பவர்க்கு இந்நயம் புலப்படாது. ‘நீங்கள்’ என்றும் ‘நீ’ என்றும் வேறுபாடுடைய தமிழில் அது சிதையாமல் வந்து சேரும். மூலமொழியை நேரே கற்றலின் பயன் இதுவே. ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கி 1980-இல் வெளியிட்டமை இவ்வகையில் சிறந்த முன்மாதிரியாகும்.

தேவிகுளத்துத் தமிழராகிய நமக்கு இவ்வாராய்ச்சி தொலைவானதன்று. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இம்மலைகள் கேரளத்தில் அமைந்தன. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் வழங்கும் வாழ்வில், ஒரு மொழியில் சொன்ன சொல் மறுமொழியில் நிறம் மாறுவதை நாளும் காண்கிறோம். இரு மொழியும் அறிந்த நம் பிள்ளைகள் மலையாளப் படைப்புகளை இடைமொழியின்றித் தமிழுக்குத் தரவல்லவர்கள். சொற்கள் ஒத்திருக்கின்றன என்று அயராமல், பேசுவோரின் உறவையும் மதிப்பையும் செவிகொடுத்துக் கேட்டு அவர்கள் பெயர்ப்பார்களாயின், எல்லையில் வாழ்வது நமக்கு ஒரு செல்வமே ஆகும்.