பிட்டர் இல்லாத யுத்தம்

இரண்டாம் மகாயுத்தத்தைப் பற்றிய புத்தகங்களில் எதைப் புரட்டினாலும் ஸ்பிட்பயர் பறக்கிறது. 1945-ல் யுத்தம் முடிந்ததும் புத்தகமும் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் திருப்தியில்லை. நமக்கு வேண்டிய கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

கான்பூரில் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற லிபரேட்டர் குண்டு விமானங்களைச் சொல்கிறேன். நான்கு என்ஜின்கள் கொண்ட அமெரிக்க விமானங்கள். யாருக்கும் பயன்படக் கூடாதென்று அவற்றை வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போனார்கள். வைக்கோற்போர் நாய் என்பது இதுதான். (இராஜபாளையத்து நாயை நான் இதில் சேர்க்கவில்லை.)

1948-ல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அங்கே போனார்கள். ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டி, ஒருமுறை பறந்தால் போதும் என்கிற அளவுக்குச் சரிக்கட்டி, சுமார் 1,500 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூருக்குப் பறக்கவிட்டார்கள். முழுப் பழுது அங்கேதான் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 விமானங்கள் இப்படிப் பிழைத்தெழுந்து, 1968 வரை நம் விமானப்படையில் உழைத்தன. அவற்றில் ஒன்று இப்போது இங்கிலாந்தில், உடைத்துப் போட்டவர்களின் விமானப்படைக் காட்சிசாலையிலேயே நிற்கிறது!

யுத்த நூலாசிரியர்களுக்கு வீரன் என்றால் விமானத்தில் உட்கார்ந்திருப்பவன்தான். எங்கள் ஊர்ப் பஞ்சாலையில் நின்றுபோன இயந்திரத்தை ஓட்டிவிட்டு, கையெண்ணெயைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும் பிட்டரை அவர்கள் கண்டதில்லை போலிருக்கிறது. விமானியின் மீசையைக்கூட வர்ணிக்கிறார்கள். கான்பூர் மண்ணில் மல்லாந்து படுத்து, இறக்கையின் அடியில் ஆணி முடுக்கியவனுக்கு ஒரு வரிகூட இல்லை.