சேலஞ்ச் ஆஃப் தி யூகான்: வானொலியில் சட்டமும் புதையலும்

சேலஞ்ச் ஆஃப் தி யூகான் (1938-1955) அமெரிக்க வானொலித் தொடர்நாடகம். டெட்ராய்ட் நகரிலுள்ள டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தில் உருவானது. 1890-களில் கனடாவின் வடமேற்கு மூலையான யூகானில் தங்கம் தேடி மக்கள் குவிந்த காலத்தைக் களமாகக் கொண்டது. வடமேற்குக் குதிரைக் காவல்படையைச் சேர்ந்த சார்ஜெண்ட் பிரெஸ்டனும் அவருடைய ஹஸ்கி நாய் யூகான் கிங்கும் முதன்மைக் கதைமாந்தர்கள். 1951 முதல் 'சார்ஜெண்ட் பிரெஸ்டன் ஆஃப் தி யூகான்' என்ற பெயரில் ஒலிபரப்பானது.

உருவாக்கம்

டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தின் உரிமையாளரான ஜார்ஜ் டபிள்யூ. டிரெண்டில், 1933-ல் தொடங்கிய 'தி லோன் ரேஞ்சர்' தொடரின் வழியாகப் பெரும்புகழ் பெற்றிருந்தார். அதே வகையில் இன்னொரு சாகசத் தொடரை, நாயை நாயகனாகக் கொண்டு அமைக்க விரும்பினார். டாம் டூகல் அதை எழுதினார். ராபர்ட் சர்வீஸின் யூகான் கவிதைகளில் ஈடுபாடு கொண்டிருந்த டூகல், நாயை ஹஸ்கியாகவும் களத்தைப் பனிநிலமாகவும் ஆக்கினார்.

முதல் ஒன்பது ஆண்டுகள் பதினைந்து நிமிட நாடகமாக இருந்தது. 1947-ல் நாடு தழுவிய ஒலிபரப்புக்குச் சென்றபோது அரைமணி நேரமாக விரிந்தது. ஜே மைக்கேல், பால் சட்டன், பிரேஸ் பீமர் ஆகியோர் அடுத்தடுத்து பிரெஸ்டனாக நடித்தனர். பீமர் லோன் ரேஞ்சராகவும் குரல் கொடுத்தவர். முகப்பிசை ரெஸ்னிசெக்கின் 'டோனா டயானா' இசைநாடகத்தின் முன்னிசை. டெட்ராய்ட் நகரிலிருந்து ஆற்றைக் கடந்தால் கனடா. ஆனால் யூகான் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்தத் தொடரின் பனி முழுக்க முழுக்க ஒலிப்பதிவுக் கூடத்தின் பனிதான்.

கதையமைப்பு

ஒவ்வொரு நாடகமும் தங்கம் கிடைத்த செய்தியை அறிவிப்பாளர் உரக்கக் கூவுவதில் தொடங்கும். தந்தையைக் கொன்றவனைப் பிடிப்பதற்காகக் காவல்படையில் சேர்ந்தவர் பிரெஸ்டன். ஓநாயிடம் வளர்ந்த குட்டியான கிங்கை ஒரு காட்டுப்பூனையிடமிருந்து காப்பாற்றி வளர்த்தார். இந்தப் பின்கதைக்கு அப்பால் அவருக்கு அந்தரங்க வாழ்க்கை என்று எதுவும் பெரிதாக இல்லை.

கதைகளின் அச்சு பெரும்பாலும் ஒன்றே. தனிமையில் வாழும் கிழச் சுரங்கக்காரர் ஒருவர் பெரிய தங்கப் படிவைக் கண்டடைகிறார். தங்கத் துகள்களைத் தோல்பைகளில் கட்டி எங்கோ ஒளித்து வைக்கிறார். அவர் கொல்லப்படுகிறார், அல்லது காணாமல் போகிறார். பழி ஓர் இளைஞன் மேல் விழுகிறது. கிங் மோப்பம் பிடிக்கிறது. பிரெஸ்டன் மணிமுடியின் பெயரால் குற்றவாளியைக் கைதுசெய்கிறார். இறுதியில் வழக்கு முடிந்தது என்று நாயிடம் சொல்கிறார். கேட்பவருக்குக் குற்றவாளி யாரென்பது பெரும்பாலும் பாதியிலேயே தெரிந்திருக்கும். துப்பறிதலைவிடத் துரத்தல்தான் இதன் சுவை.

ஒலியும் வடிவமும்

இந்தத் தொடரின் உண்மையான கலைவெற்றி கிங். குரைப்பு, உறுமல், முனகல் மட்டுமே கொண்ட ஒரு பாத்திரம் பேசத்தெரிந்த பாத்திரங்கள் பலவற்றைவிடத் தெளிவாக மனதில் நிற்கிறது. நிஜ நாயை ஒலிப்பதிவுக் கூடத்தில் நம்ப முடியாது. ஒலிக்கலைஞர் டூயி கோல் தன் தொண்டையாலேயே கிங்கை உருவாக்கினார். எச்சரிக்கைக்கு ஒரு குரைப்பு, சந்தேகத்துக்கு ஓர் அடித்தொண்டை உறுமல், எஜமான் காயம்பட்டால் ஒரு முனகல் என்று அது ஒரு தனிமொழியாகவே ஆனது.

அதற்கு நாடக வடிவம் சார்ந்த பயனும் உண்டு. வானொலி நாயகன் தனியாக இருக்கும்போது கேட்பவருக்கு எதையும் காட்ட முடியாது. உள்ளக்கிடக்கையை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். லோன் ரேஞ்சருக்கு டோண்டோ இருந்தார். பிரெஸ்டன் நாயிடம் பேசுகிறார். தடயம் எங்கே போகிறது, பனி எவ்வளவு பழையது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அவர் நாய்க்கு விளக்குவதெல்லாம் கேட்பவருக்கான விளக்கம். அது செயற்கையாகத் தோன்றுவதில்லை. நாயுடன் தனித்து வாழ்பவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பதினைந்து நிமிட நாடகங்களே மேலானவை. அவற்றில் பனிக்காற்றின் ஊளையும் சறுக்குவண்டியின் உரசலும் சேர்ந்து ஒரு தனிமையை உருவாக்குகின்றன. அரைமணி நேர நாடகங்களில் இடையிடையே விளம்பரம் நுழைகிறது. குவேக்கர் நிறுவனத்தின் கோதுமைப்பொரியும் அரிசிப்பொரியும் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டவை என்பது அவ்விளம்பரத்தின் முழக்கம். சில நாடகங்களில் பிரெஸ்டன் சுடுவதைவிடப் பொரி வெடிக்கும் ஓசைதான் அதிகம்.

சட்டத்தின் சித்திரிப்பு

அமெரிக்க மேற்கத்தியக் கதைகளில் சட்டம் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் துப்பாக்கி. லோன் ரேஞ்சரே சட்டத்துக்கு வெளியே முகமூடியுடன் நிற்பவர். பிரெஸ்டன் சீருடை அணிந்த அரசு ஊழியர். சட்டம் இன்னும் வந்துசேராத நிலத்தை வீரன் அடக்குவது அமெரிக்கக் கதை. மக்கள் வருவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது என்பது இந்தக் கதை. இதற்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1896 ஆகஸ்டில் ராபிட் ஓடையில் தங்கம் கண்டெடுக்கப்படுவதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் சார்லஸ் கான்ஸ்டன்டைன் தலைமையிலான சிறு காவல்படை ஃபார்ட்டிமைலில் இருந்தது. எல்லைக்கு இப்பாலிருந்த அமெரிக்கத் துறைமுகமான ஸ்காக்வேயை சோப்பி ஸ்மித் என்ற மோசடிக்காரனின் கும்பல் 1898 கோடைவரை ஆட்டிவைத்தது. எல்லைக்கு அப்பால், டாசன் நகரத்தில் கைத்துப்பாக்கியுடன் நடமாட முடியாது.

ஆனால் அந்தச் சட்டம் உண்மையில் என்ன செய்தது என்பதை நாடகம் தொடவே இல்லை. 1898-ல் சாம் ஸ்டீலின் காவலர்கள் சில்கூட் கணவாயின் உச்சியில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியுடன் நின்று சுங்கம் வசூலித்தனர். ஓராண்டுக்கான உணவு இல்லாதவர்களைத் திருப்பியனுப்பினர். கருவிகளுடன் சேர்த்து ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு டன் எடை. அதைச் சுமந்து ஒருவர் அதே பனிச்சரிவில் இருபது, முப்பது முறை ஏறி இறங்கவேண்டியிருந்தது. ஆற்றின் சுழல்களில் படகுகள் உடைந்து ஆட்கள் மூழ்கியபோது, தேர்ந்த படகோட்டி இல்லாமல் எவரும் போகக்கூடாது, பெண்களும் குழந்தைகளும் கரைவழியே நடக்கவேண்டும் என்று ஸ்டீல் ஆணையிட்டார். அப்படி ஆணையிட அவருக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கவில்லை. டாசனில் சிறுகுற்றம் செய்தவர்களுக்குக் காவல்நிலையத்துக்கு விறகு அறுப்பது தண்டனை. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு விறகு அறுத்தவருக்கு அபராதம்.

இவற்றில் எந்த ஒன்றும் நல்ல அரைமணி நேர நாடகம். உயிரைக் காக்கும் ஆணை சட்டவிரோதமானதாக இருந்தால் காவலர் என்ன செய்வார் என்ற கேள்வி பிரெஸ்டனுக்கு எழுவதில்லை. அவர் எப்போதும் சரி. ஆகவே சட்டமும் எப்போதும் சரி.

தங்கத்தின் சித்திரிப்பு

தொடரின் ஆழமான குறை தங்கத்தில் உள்ளது. யூகானின் தங்கம் உறைநிலத்துக்கு அடியில், பாறைப்படுகையின் மேல், பழைய ஓடைகளின் சரளைக்கற்களில் கிடந்தது. இரவெல்லாம் தீ மூட்டி மண்ணை இளக்கி, காலையில் தோண்டி, மீண்டும் தீ மூட்டவேண்டும். குளிர்காலம் முழுக்கத் தோண்டிக் குவித்த மண்ணை வசந்தத்தில் பனி உருகி நீர் வந்தபின்னரே மரக்கால்வாயில் அலசமுடியும். அதுவரை குவியலில் தங்கம் எவ்வளவு என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. நாடகத்தில் இந்த உழைப்புக்கு இடமில்லை. அங்கே தங்கம் முன்னரே பைகளில் கட்டப்பட்டுவிட்டது. பலகைத் தரைக்கு அடியிலோ, இறந்தவரின் வரைபடத்திலோ காத்திருக்கிறது. அதாவது தங்கம் புதையலாக ஆகிவிடுகிறது. புதையலுக்கு உரியவர் ஒருவர், திருடுபவர் ஒருவர். மீட்டுக்கொடுப்பது மட்டுமே சட்டத்தின் வேலை.

உண்மையில் யாருக்கு உரிமை என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. ராபிட் ஓடையில் தங்கம் கண்ட குழுவில் ஜார்ஜ் கார்மக், அவருடைய மனைவி கேட், கேட்டின் சகோதரர் ஸ்கூக்கும் ஜிம், டாசன் சார்லி ஆகியோர் இருந்தனர். கார்மக் தவிர மற்றவர்கள் டாகிஷ் பழங்குடியினர். முதலில் கண்டது ஜிம்தான் என்று அவருடைய மக்கள் உறுதியாகச் சொல்கின்றனர். ஆனால் கண்டுபிடித்தவருக்குரிய கூடுதல் நிலம் கார்மக்கின் பெயரில்தான் பதிவானது. பழங்குடியினர் ஒருவருக்கு அந்த உரிமையை எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். க்ளோண்டைக் ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்ந்த ஹ்வேச்சின் மக்கள் நகரின் நெரிசலால் இடம்பெயர்ந்து மூஸ்ஹைடுக்குச் சென்றனர். அவர்களின் தலைவர் ஐசக், தம் பாடல்கள் அழிந்துவிடும் என்று அஞ்சி அவற்றை அலாஸ்காவிலிருந்த உறவினரிடம் ஒப்படைத்தார். ஒலியையே ஊடகமாகக் கொண்ட ஒரு தொடர் அந்தத் திசையில் காதுகொடுக்கவில்லை.

ஓர் அங்குல நிலம்

1955-ன் தொடக்கத்தில் குவேக்கர் நிறுவனம் பொரிப் பெட்டிகளில் யூகான் நிலப்பத்திரங்களை வைத்து வழங்கியது. ஒரு பத்திரத்துக்கு ஒரு சதுர அங்குலம். டாசனுக்கு அருகே யூகான் ஆற்றங்கரையில் 19.11 ஏக்கர் நிலம் இதற்காக வாங்கப்பட்டது. 2 கோடியே 10 லட்சம் பத்திரங்கள் அச்சிடப்பட்டன. தங்க முத்திரையும் சட்டமொழியும் கொண்ட அந்தத் தாள்களைக் குழந்தைகள் பத்திரப்படுத்தினர். வாரந்தோறும் கேட்ட புதையலில் தமக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது என்று நம்பினர்.

பத்திரத்தின் வாசகம் கனிம உரிமையை விலக்கியிருந்தது. நிலத்துக்கு அடியில் தங்கம் இருந்தாலும் அது அவர்களுடையதல்ல. தனித்தனிப் பத்திரங்கள் எவையும் அரசு அலுவலகத்தில் பதிவு செய்யப்படவுமில்லை. வானொலித் தொடர் அதே ஆண்டு ஜூன் மாதம் நின்றது. ரிச்சர்ட் சிம்மன்ஸ் நடித்த தொலைக்காட்சி வடிவம் செப்டம்பரில் தொடங்கி 1958 வரை வந்தது. 1965-ல் 37 டாலர் 20 சென்ட் வரிபாக்கிக்காக அந்த 19.11 ஏக்கர் கனடா அரசின் கைக்குத் திரும்பியது. அதன் பின்னரும் பல ஆண்டுகள், தம் நிலத்தின் இன்றைய மதிப்பு என்ன என்று கேட்டு யூகானின் நிலப்பதிவு அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.