கூறையும் கவுணும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியோர் பலர். கோட்டையைப் பற்றி எழுதினார்கள். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எழுதினார்கள். எந்த வல்லரசின் கப்பல் எந்த ஆண்டில் வந்து நங்கூரம் பாய்ச்சியது என்று கணக்கு வைத்தார்கள். அத்துறைமுகத்தின் முதுகுப்புறத்தில், பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் என். சி. வீதியிலும், தாயும் மகளும் மாமியும் ஒருசேர உட்கார்ந்து ஒரு கலியாணத்துக்கு வேண்டிய ஆடைகளைத் தெரிந்தெடுக்கும் காட்சியை விமரிசனத்துக்குரிய பொருளாகக் கொள்வோர் மிகச் சிலரே. பெண்கள் காரியம் என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். ஒரு தொழிலாளி வீட்டின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரு பகற்பொழுதில் எப்படிச் செலவாகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை அவ்வாறு ஒதுக்க நமக்கு உரிமை உண்டா?

இது பற்றிப் பேச்செழும்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன. வெள்ளைக் கவுணும் முகத்திரையும் அந்நியனின் எச்சம். கூறையே நமது பண்பாடு என்பது ஒன்று. காலம் மாறிவிட்டது, எதை உடுப்பதென்பது மணப்பெண்ணின் சொந்த விருப்பம், அதில் தலையிட நாம் யார் என்பது மற்றது. முதற்குரலுக்கு வரலாறு தெரியாது. இரண்டாவது குரலுக்கு விலைச்சீட்டு தெரியாது.

வரலாற்றை முதலில் பார்ப்போம். வெள்ளைக் கவுண் ஐரோப்பாவிலேயே பழைமையான வழக்கமன்று. 1840 பெப்ரவரி 10 இல் விக்டோரியா மகாராணி தன் திருமணத்துக்கு வெள்ளைப் பட்டு உடுத்தாள். அவளுக்கு முன்னும் வெள்ளை உடுத்த மணப்பெண்கள் இருந்தார்கள்; ஆயினும் செல்வர் வீடுகளில் நிறப்பட்டும் வெள்ளியிழையுமே பெருவழக்கு. ஏழைப் பெண்கள் தம்மிடம் இருந்தவற்றுள் நல்லதை உடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். அதையே பின்னரும் ஞாயிறுதோறும் அணிந்தார்கள். விக்டோரியாவின் பட்டு இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளர் நெய்தது. அதன்மேற் பதித்த ஹொனிற்றன் லேஸ் டெவன் மாவட்டப் பெண்கள் கையாற் பின்னியது. யந்திர லேஸ் அப்பெண்களின் பிழைப்பைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. உள்நாட்டுக் கைத்தொழிலுக்கு ஆதரவு காட்டும் அரசியற் செயலாகவே அவ்வாடை உடுக்கப்பட்டது. வெண்மை கன்னிமையின் நிறம் என்ற வியாக்கியானத்தைப் பின்வந்த பெண்கள் பத்திரிகைகள் அதன்மேல் ஏற்றிவைத்தன. நெசவாளியின் வயிற்றுப் பிரச்சினையாகப் பிறந்த ஒரு வழக்கு, கடற்படையோடும் மிஷன் பாடசாலையோடும் பயணம் செய்து இத்துறைமுகத்தில் வந்திறங்கியபோது, புனிதத்தின் சின்னமாகிவிட்டிருந்தது. வெள்ளையைக் கைம்மையோடு சேர்த்து எண்ணிய சமூகத்திலே அது பட்ட பாடு தனிக்கதை. கத்தோலிக்கத் தமிழ்ப்பெண்கள் பலர் வெள்ளைச் சேலையும் முகத்திரையுமாக ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். தாலியையும் விடவில்லை, கூறையையும் விடவில்லை.

கவுணை அந்நியம் என்று தள்ளுவோர் பாலையூற்றுப் பறங்கியரை எங்கே வைப்பார்கள் என்று கேட்க விரும்புகிறோம். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் அவர்கள்; கலியாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆடுபவர்கள்; தச்சும் கொல்லும் தையலும் தொழிலாகக் கொண்ட உழைப்பாளிகள். அவர்கள் வீட்டு மணப்பெண்ணுக்குக் கவுண் அந்நிய ஆடையன்று, பாட்டியின் ஆடை. ஆடைகளை இனத்தின் வேலியாக்கும் போக்கு இந்நகரில் எவ்வளவு கசப்பை வளர்க்கும் என்பதை 2018 இல் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த பிணக்கின்போது நாடே கண்டது.

இனி, நமது கூறைதான் எவ்வளவு நம்முடையது? கூறை என்பது ஆடையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல், அதில் ஐயமில்லை. ஆனால் இன்று கூறை என்று நாம் விரித்துப் பார்ப்பது பெரும்பாலும் காஞ்சிபுரத்திலிருந்து வருவது. அதன் பட்டுநூல் கர்நாடகத்தில் விளைகிறது. சரிகை சூரத்தில் ஆகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணி என்றைக்கும் கடல் கடந்த பண்டமே. சங்கத் தமிழர் ஆடைக்கு வழங்கிய சொற்களுள் ஒன்றே ‘கலிங்கம்’. அகநானூற்றின் 86 ஆம் பாட்டிலே ஒரு மணப்பெண் நாணத்தால் தன் புத்தாடைக்குள் ஒடுங்கியிருக்கிறாள். அந்த ஆடை கோடி, அதாவது புதியது. அதன் விலை பற்றிப் பாட்டில் பேச்சே இல்லை.

கூறை பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. சடங்கை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். மணப்பெண் தன் வீட்டார் கொடுத்த சேலையோடு மணவறைக்கு வருகிறாள். மணமகன் வீட்டார் கொண்டுவந்த கூறையும் தாலியும் தட்டில் வைக்கப்பட்டுச் சபையோரின் ஆசியைப் பெறுகின்றன. அவள் கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். பிறந்த வீட்டுச் சேலையைக் களைந்து புகுந்த வீட்டுச் சேலையை உடுத்து வருகிறாள். அதன் பின்னரே தாலி ஏறுகிறது. உடைமை கைமாறும்போது மேலுறையும் மாற்றப்படுகிறது என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு சமுதாயம் சொல்லமுடியுமா? இதைப் பண்பாடு என்று போற்றும் பெரியோர், கூறைக் கடையிலே மணப்பெண்ணின் இடம் எது என்பதையும் சொல்லவேண்டும். வாங்குவது மாப்பிள்ளை வீடு. கௌரவம் மாப்பிள்ளை வீட்டினுடையது. நிறத்தைத் தீர்மானிப்பவள் பெரும்பாலும் மாமி. பெண்ணைப் பார்த்து “பிடித்திருக்கிறதா பிள்ளை?” என்று கேட்பார்கள். அவள் தலையசைப்பாள். பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய பெண்ணிடம் அக்கேள்வி கேட்கப்படுவதில்லை.

அப்படியானால் கவுண் கடையில் அவள் சுதந்திரமானவளா? கடையில் அவளுக்குக் காட்டப்படுவன மூன்று நான்கு வெட்டுகள். இடுப்புவரை இறுக்கி அதன்கீழ்க் குடையாய் விரிவது. உடம்போடு ஒட்டிவந்து முழங்காலின்கீழ் மீன்வாலாய் விரிவது. தோளிலிருந்து மெல்ல அகன்று சரிவது. பின்னால் இரண்டு முழமோ நான்கு முழமோ தரையில் இழுபடுவது. துணி பெரும்பாலும் பொலியெஸ்ரர் சற்றினும் வலையும். கலை நோக்கில் இவற்றை மதிப்பிடுவோர் ஒன்றை மறக்கலாகாது: ஆடை என்பது ஓர் உடம்புக்கும் ஒரு காலநிலைக்கும் இடையிலுள்ள உடன்பாடு. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அனல் வீசும் ஊர் இது. அந்த வெக்கையில், மூச்சுவிடாத செயற்கைத் துணிக்குள்ளே, எலும்புப் பட்டி வைத்து இறுக்கிய இடையோடு, ஒரு பெண் ஆறு மணிநேரம் நின்று புன்னகை செய்யவேண்டும். நடப்பதற்கு இரு தோழியர் வாலைத் தூக்கவேண்டும். இவ்வாடை அழகற்றது என்பது நமது கட்சியன்று. குளிர்நாட்டுத் தேவாலயத்தின் நீண்ட நடைபாதைக்காகப் பிறந்த அழகு அது. நமது மண்டபத்தில் அது புகைப்படக்காரனுக்காக மட்டுமே வாழ்கிறது. கனத்த சரிகைக் கூறைக்கும் இதே குற்றச்சாட்டு பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். கட்சிக்கோர் நீதி வேண்டாம்.

புகைப்படக்காரன் என்றோம். ஒரு கலியாணத்துக்கு ஓர் ஆடை என்றிருந்த கணக்கை அவன்தான் மாற்றினான். பதிவெழுத்துக்கு ஒன்று, கடற்கரையிலும் கோட்டை வாசலிலும் முன்கூட்டியே எடுக்கும் படங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு, மணவறைக்கு ஒன்று, கூறை, மாலை வரவேற்புக்குக் கவுண். இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சட்டை, அதில் ஆரி வேலை. சேலையைவிடச் சட்டைக்கு விலை கூடிய விந்தையையும் காண்கிறோம். 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இவற்றுள் ஒன்றையேனும் கேட்கவில்லை. பதிவாளருக்கு வேண்டியது கையொப்பமும் சாட்சியுந்தான்.

விலைச்சீட்டுக்கு வருவோம். கிழக்கிலே தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்வது நெடுங்கால வழக்கம். பெண் பிறந்த நாளிலிருந்து தகப்பன் கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குகிறான். வீடு எழும்பியபின், அந்தக் கடன் தீருமுன், நகையும் ஆடையும் வருகின்றன. நகையைப் பற்றிச் சீர்திருத்தவாதிகள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆயினும் நகைக்கு ஒரு நியாயம் உண்டு: நெருக்கடி வந்தால் அடகு வைக்கலாம், மீட்கலாம், விற்கலாம். 2006 இல் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அத்தகைய ஓட்டங்களில் ஒரு சோடிக் காப்பு சில மாதச் சாப்பாடாகும். கூறையை எந்த அடகுகடைக்காரனும் வாங்கான். உடுத்த கவுணுக்கு மறுவிலை கிடையாது. கலியாணச் செலவுகளுள் முற்றாக அழிந்துபோவது சாப்பாட்டுக்கு அடுத்தபடி ஆடைதான். சாப்பாடாவது ஊராரின் வயிற்றுக்குப் போகிறது.

2022 இல் ரூபா சரிந்து, டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது, இறக்குமதிப் பட்டின் விலை என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். கூலி அப்படி ஏறவில்லை. இடைவெளியை நிரப்பியவை சீட்டும் கைமாற்றும் நுண்கடனும். நுண்கடனில் அகப்பட்ட பெண்களின் அவலம் எவ்வளவு முற்றியிருந்ததெனில், 2018 இல் அரசாங்கமே திருகோணமலை உட்பட வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அக்கடன்களெல்லாம் கலியாணக் கடன்கள் என்று நாம் சொல்லவில்லை. கடனில் மூழ்கிய ஒரு சமூகத்தின் நடுவிலேதான் கண்ணாடி அலமாரிக்குள் அந்தக் கவுண் நிற்கிறது என்பதைச் சொல்கிறோம். ‘சொந்த விருப்பம்’ என்று வாதிடும் நண்பர்கள் கடனட்டையையும் ஒருமுறை வாசிக்கவேண்டும்.

இன்னொரு கொடுமை உண்டு. ஆடைத் தொழில்தான் இந்நாட்டின் ஏற்றுமதியில் முதலிடத்தில் நிற்பது. அதன் தையல் யந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் பெண்கள். 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலந்தொட்டு, தம் கலியாணத்துக்குப் பணம் சேர்க்கவே கிராமங்களைவிட்டு அங்கே போன பெண்கள் எத்தனையோ பேர். உலகத்துக்கு உடை தைக்கும் கை, தனக்கொரு நாள் உடைக்காக ஆண்டுகளை விற்கிறது. காலி, வெலிகாமப் பகுதிகளில் போர்த்துக்கேயர் காலந்தொட்டுப் பெண்கள் பின்னிவரும் பீரளு லேஸ் இருக்கிறது. மருதமுனையில் கைத்தறி இருக்கிறது. மணவாடைக் கடையில் இவ்விரண்டையும் கேட்டு வாங்குபவர் அரியர். விக்டோரியா தன் நாட்டு லேஸ்காரிக்குச் செய்ததை நமது கனவான்கள் தம் நாட்டு லேஸ்காரிக்குச் செய்யவில்லை. அவளிடமிருந்து நிறத்தை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

இத்துறைமுகத்தை ஆண்டவர்களிடமிருந்து நாம் கற்கத் தவறியது இன்னுமொன்று உண்டு. 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை பிரித்தானியாவில் ஆடைகளுக்குப் பங்கீடு இருந்தது. 1942 ஏப்ரல் 9 இல் திருகோணமலைமீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்த அந்நாட்களில், அவர்களுடைய படைப்பிரிவுப் பெண்கள் இரவல் கவுணில் கலியாணம் செய்தார்கள். சேகரித்து வைத்த மணவாடைகள் ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்குக் கைமாறின; அமெரிக்காவிலிருந்தும் எலினோர் ரூஸ்வெல்ற் அத்தகைய ஆடைகளை அனுப்பிவைத்தார். எவருடைய மானமும் போகவில்லை. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கே பங்கீட்டுச் சீட்டு வேண்டியிருந்தது. அவளுக்கென நாட்டுப் பெண்கள் அனுப்பிய சீட்டுகள் சட்டப்படி செல்லாதவையாதலால் திருப்பி அனுப்பப்பட்டன. சீட்டு எப்படியிருப்பினும், அந்த ஆடையில் 10,000 முத்துகள் இருந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. 1942 மார்ச்சில் இந்திரா உடுத்ததோ, தகப்பன் சிறையில் நூற்ற நூலால் நெய்த இளஞ்சிவப்புப் பருத்திச் சேலை. நேரு குடும்பத்தின் செல்வநிலைக்கு அது ஓர் அரசியற் கோலமே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும், யார் நூற்றது என்று தெரிந்த மணவாடையை நம்மில் எத்தனைபேர் கண்டிருக்கிறோம்?

இன்று நகரத்தின் ஒப்பனை நிலையங்கள் கவுணை வாடகைக்குக் கொடுக்கின்றன. நமது தாய்மார் ஒருவருக்கொருவர் அட்டியலும் ஒட்டியாணமும் இரவல் கொடுத்த அதே வழக்கந்தான். இடையில் ஒரு முதலாளி வந்துவிட்டான், அவ்வளவே. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுமுன், படகுப் பாதையில் சாமான் ஏற்றிக் கலியாணம் செய்த ஊர்கள் இவை. பந்தற் காலும் கிடாரமும் கதிரையும் ஊருக்குப் பொதுவாயிருப்பதை எவரும் இழிவென்று எண்ணுவதில்லை. மரண உதவிச் சங்கம் கூடாரத்தை வைத்திருக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பாத்திரங்களை வைத்திருக்கிறது. அதே அலமாரியில் நாலு நல்ல சேலையும், உள்ளூர்த் தையற்காரி பருத்தியில் தைத்து, அளவுக்கேற்பப் பிரித்துத் தைக்கக்கூடிய இரண்டு கவுணும் இருந்தாலென்ன? வரவேற்புக்கும் படத்துக்கும் அவை போதும்.

கூறை புதியதாகவே இருக்கவேண்டும்; இரவலாகாது என்று சைவப் பெரியார்கள் மறுப்பார்கள். நியாயந்தான். கோடி வேண்டும் என்கிறது மரபு. மருதமுனைத் தறியிலிருந்து நேரே வரும் சேலையும் கோடிதான். மடிப்புக் கலையாத அச்சேலையைத் தட்டில் வைத்தால் எந்த மந்திரம் ஏற மறுக்கும் என்பதை அவர்கள் சொல்லட்டும். அதன் நிறத்தை இம்முறை மணப்பெண்ணே சொல்லட்டும்; மாமி பக்கத்தில் இருந்து கேட்கலாம்.