உழைக்கும் காலுறை

என் அலுமாரியில் மூன்று சோடி கைப்பின்னல் காலுறைகள் இருக்கின்றன. மூன்றையும் பின்னியவர் ஒருவரே: ஸ்காபரோவில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அக்கா. வார நாட்களில் கணக்கெழுதும் வேலை. சனி, ஞாயிறுகளில் நூற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரொறன்ரோ நகருக்குள் கிளம்பிவிடுவார்.

முதற்சோடி மயிற்பச்சை. கையால் சாயம் ஏற்றிய மெரினோ நூலில், இலை இலையாகத் துளைவிட்ட பின்னல். இரண்டாவது கருநீலத்தில் வெள்ளை நட்சத்திரங்கள், இருநிறப் பின்னல். மூன்றாவது வெறும் சாம்பல். மேல்விளிம்பில் இரண்டு சிவப்புக் கோடுகள், கனடாவில் மரவேலைக்காரர் பூட்ஸுக்குள் போடும் பழைய காலுறையின் சாயலில். பச்சை ஒரு பனிக்காலத்திலேயே குதிக்காலில் ஓட்டை விட்டது. நட்சத்திரச் சோடியை இரண்டு முறைதான் போட்டேன். சாம்பல் நான்கு பனிக்காலங்களைத் தாண்டி இன்னும் காலில் கிடக்கிறது.

கைப்பின்னல் காலுறை என்றதும் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் எடுக்கிறார்கள்: அன்பு. அந்தச் சொல் வந்தபின் யாரும் குறை சொல்வதில்லை. அன்போடு சமைத்த குழம்பில் உப்புக் கூடினால் வீட்டில் சொல்லத்தானே செய்கிறோம்? அன்புக்குப் புள்ளி போட முடியாது, காலுறைக்குப் போடலாம். பொருத்தம், வெம்மை, செலவு, உழைப்பு ஆகிய நான்கில் எடைபோட்டுப் பார்க்கலாம்.

உழைப்பு என்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். செய்தவர் உழைக்கிறார். செய்த பொருளும் உழைக்கிறது. ‘துணி நல்லா உழைக்கும்’ என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். இந்த இரண்டு உழைப்பும் காலுறையின் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதே என் கேள்வி.

முதலில் செலவு. சாம்பல் காலுறையின் சுற்றளவு 64 கண்ணி. 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 42 சுற்று. கணைக்கால் 18 சென்ரிமீற்றர், பாதம் 24. பெருக்கிப் பார்த்தால் ஒரு காலுறைக்குக் குதிக்காலையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் கண்ணிகளை ஒட்டி வரும், சோடிக்கு இருபத்துநாலாயிரம். நிமிடத்துக்கு முப்பது கண்ணி போடும் கைக்கு எண்ணூறு நிமிடம். எண்ணுவது, பிரிப்பது, மறுபடி பின்னுவது எல்லாம் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் என்று வைப்போம். 2025 ஒக்ரோபரில் ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர் ஆனது. கூலி மட்டும் 264 டொலர், நூல் வேறு. இருபது டொலர் அளவில் கடையில் கம்பளிக் கலப்புக் காலுறை கிடைக்கும் ஊரில் இந்தக் கணக்குக்கு வாதாட இடமில்லை. செலவில் கைப்பின்னல் தோற்கிறது. ‘பொழுதுபோக்குக்குக் கூலி பார்ப்பதா’ என்பார்கள். அது பாதிப் பதில்தான். எந்தப் பொழுது போகிறது, எப்படிப் போகிறது என்பது மீதிப் பாதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெம்மையில் கைப்பின்னலுக்குக் கொடுக்கப்படும் புகழில் பெரும்பகுதி ஆட்டுக்குச் சேர வேண்டியது. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. பூட்ஸுக்குள் வியர்த்த கால் குளிராமல் இருப்பது அதனால்தான். இயந்திரம் பின்னிய கம்பளிக்கும் அந்தக் குணம் உண்டு. கை இதில் கூட்டியது தடிப்பு மட்டும். பச்சைச் சோடியில் துளைப் பின்னல் அந்தத் தடிப்பையும் கழித்துவிட்டது. நட்சத்திரச் சோடி மூன்றிலும் வெம்மையானது, ஏனென்றால் பயன்படாத நிறநூல் உட்புறமாக ஓடி இரண்டாவது அடுக்காகிறது. ஆனால் காலை நுழைக்கும்போது விரல்கள் அந்த உள்நூலில் மாட்டும். இருநிறப் பின்னல் இழுபட்டும் கொடுக்காது. குதிக்காலைத் தாண்டி மேலே ஏற்றுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

‘இயற்கையானது’ என்ற பெருமையையும் சற்று இறக்கி வைக்கலாம். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கப்படும் மெரினோ நூலில் பெரும்பாலானவை குளோரினால் செதில் நீக்கி, மேலே மெல்லிய பிசின் பூசியவை. உழைக்கும் காலுறை நூல்களில் வழக்கமான கலவை கம்பளி 75 வீதம், நைலோன் 25 வீதம். பச்சை நூலில் நைலோன் இல்லை. முழுக்க மென்மையான மெரினோ. கழுத்துச் சால்வைக்கு ஏற்ற நூல் அது, குதிக்காலுக்கு அல்ல. அக்காவின் தவறு கடையில் நூலைத் தொட்டுப் பார்த்த கணத்திலேயே தொடங்கிவிட்டது. கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம், போடப்போவது காலில்.

பொருத்தத்தில் கை வெல்கிறது, ஐயமே இல்லை. கடைக் காலுறையில் மூன்று நான்கு சப்பாத்து அளவுகளுக்கு ஒரே உறை. அக்கா என்னைத் தாள் ஒன்றின் மேல் நிற்கவைத்துப் பாதத்தை வரைந்தார். விரல்களுக்குக் கீழே அகன்ற இடத்தைச் சுற்றி நாடாவால் அளந்தார். 24 சென்ரிமீற்றர். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்திருக்கும், இங்கத்தைய சப்பாத்துகள் அதை ஏற்பதில்லை. காலுறை காலைவிடப் பத்திலொரு பங்கு சிறிதாக இருந்தால்தான் நழுவாமல் பிடிக்கும். ஆகவே 21.5 சென்ரிமீற்றர், சென்ரிமீற்றருக்கு மூன்று கண்ணி: 64. மேலே நான் பெருக்கிய 64 இப்படி என் காலில் இருந்து வந்த எண். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கைப்பின்னல் எவ்வளவு நுணுக்கமானாலும் இயந்திரத்தின் மென்மைக்கு வராது. அலுவலகச் சப்பாத்துக்குள் அது அடங்காது; பூட்ஸுக்கும் வீட்டுத் தரைக்கும்தான் சரி.

இனி உழைப்பு. அது தீர்மானமாவது குதிக்காலில்.

சாம்பல் காலுறையின் குதிக்காலை விரித்துப் பார்த்தால் அமைப்புத் தெரியும். 64 கண்ணிகளில் பாதியை, 32ஐ, ஒதுக்கிக்கொண்டு அவற்றில் மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னுகிறார்கள். ஒரு வரியில் ஒரு கண்ணியைப் பின்னி, அடுத்ததைப் பின்னாமல் ஊசி மாற்றுவது. பின்னாத கண்ணிக்குப் பின்னால் நூல் ஓடுவதால் துணி இரட்டிப்பாகிறது. தொட்டால் சிறு வரம்புகள் விரலில் தட்டும். 32 வரி முடிந்ததும் நடுவில் சில கண்ணிகளோடு தொடங்கி, ஒவ்வொரு வரியிலும் ஓரத்துக் கண்ணி இரண்டை ஒன்றாக்கிக்கொண்டே திரும்பித் திரும்பி வருவார்கள். நேராக இறங்கிய துணி அங்கே கிண்ணமாகக் குழிகிறது. பிறகு இரு பக்கமும் பதினாறு பதினாறு கண்ணிகளை ஓரத்தில் இருந்து பொறுக்கி எடுத்து மறுபடி வட்டத்தில் சேர்ப்பது. எண்ணிக்கை ஒன்று பிசகினால் குழி கோணும். மேசை, விளக்கு, அமைதி மூன்றும் வேண்டிய வேலை.

அதற்கு மேலும் கீழும் உள்ள மீதியெல்லாம் வெறும் சுற்று. திருப்பூர்ப் பனியன் துணியின் அதே எளிய கண்ணி, சுற்றிச் சுற்றி. கண் தேவையில்லை, விரல் போதும். அக்காவின் வார இறுதிகள் இங்கேதான் காலுறைக்குள் வருகின்றன.

எங்கள் பக்கத்துக்கான ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டபின் மறுபடி ஓடவே இல்லை. கென்னடி நிலையம் வரை பஸ்தான். பஸ்ஸில் அக்கா ஊசியை எடுப்பதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் நான்கு கண்ணி கழன்றுவிடும் என்பார். கென்னடியில் சப்வே ஏறியதும் பை திறக்கும். அங்கிருந்து பதினைந்தாவது நிறுத்தம் செயின்ற் ஜோர்ஜ், ஏறத்தாழ அரை மணி. 64 கண்ணிச் சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் என்றால் பதினான்கு சுற்று, மூன்றேகால் சென்ரிமீற்றர். போய் வந்தால் ஆறரை. மூன்று சனிக்கிழமைகளில் ஒரு கணைக்கால் முடியும்.

பிரோட்வியூ நிலையம் கழிந்ததும் ரயில் டொன் பள்ளத்தாக்கின் மேல் பாலத்தில் வெளிப்படும். 1918இல் முடிந்த அந்தப் பாலத்துக்குப் பின்னாளில் ரயில் வரும் என்று எண்ணிக் கீழ்த்தட்டு ஒன்றையும் சேர்த்தே கட்டினார்கள். ரயில் வந்தது 1966இல். ஒக்ரோபரில் அந்தச் சில நொடிகளில் பள்ளத்தாக்கு முழுக்கச் சிவந்து கிடக்கும். ஒருமுறை அக்காவோடு போனேன். அவருடைய கண் வெளியே இருந்தது. இடக்கைச் சுட்டுவிரல் ஊசிமுனையைத் தடவிக் கண்ணியை முன்னே தள்ளியது, வலக்கை அதை வாங்கியது. ஒரு கண்ணிகூடத் தவறவில்லை.

பச்சைக் காலுறையை இப்படிப் பின்ன முடியாது. துளைப் பின்னலுக்குக் கட்டம் போட்ட வரைபடத்தை மடியில் விரித்து எட்டு எட்டாக எண்ண வேண்டும். நட்சத்திரத்துக்கு இரண்டு நூலுருண்டை. பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில் ஒன்று உருளும். இரண்டையும் அவர் வீட்டில் இருந்தே பின்னினார், சனிக்கிழமைகளை விட்டுக்கொடுத்து. அந்தச் சோடிகளில் கண்ணும் கவனமும் போனது எங்கே? கணைக்காலில், காற்சட்டை மூடும் இடத்தில். தேய்வது வேறெங்கோ. செய்தவரின் உழைப்பு ஓரிடம், காலுறையின் உழைப்பு இன்னோரிடம் என்றால் பொருள் நிலைக்காது. சாம்பலில் இரண்டும் குதிக்காலில் சந்தித்தன. ரயிலில் பின்ன வேண்டும் என்ற கட்டாயமே கணைக்காலை எளிமையாக்கியது. வீட்டுக் கவனம் முழுவதும் மீந்து குதிக்காலுக்குக் கிடைத்தது. பின்னல்காரர்கள் இத்தகைய வெறும் காலுறையை ‘வனிலா’ என்று சற்று இளக்காரமாகச் சொல்வார்கள், ஐஸ்கிறீம் கடையில் வேறெதுவும் தோன்றாதவர் கேட்பது போல. என் அலுமாரி வேறு கதை சொல்கிறது.

செயின்ற் ஜோர்ஜில் இறங்கினால் பாட்டா சப்பாத்து அருங்காட்சியகம், ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1995இல் திறந்த, மூடி சரிந்த சப்பாத்துப் பெட்டி போன்ற கட்டடம். நெப்போலியனின் கறுப்புப் பட்டுக் காலுறை அவர்களுடைய சேகரிப்பில் உண்டு. அருங்காட்சியகத்துக் காலுறைக்கு உழைக்கத் தேவையில்லை, யாருடைய கால் என்பதே போதும். பச்சைச் சோடியைப் பொத்தி வைத்திருந்தால் அதுவும் நிலைத்திருக்கும். பொத்தி வைப்பதற்காகக் காலுறை பின்னுவது எனக்கு உடன்பாடில்லை.

சாம்பலுக்கும் பழுதுகள் உண்டு. இடது காலுறை வலதைவிட இரண்டு சுற்று நீளம். இடதை ஓகஸ்டில் வியர்த்த கையால் பின்னினார், வலதை டிசம்பரில், இறுக்கம் மாறிவிட்டது. பெருவிரலோரம் தையல் தெரியாமல் மூடும் முறைக்குப் பெயர் கிச்சனர் தையல். முதல் உலகப் போரில் கிச்சனர் என்ற பிரித்தானியத் தளபதியே வகுத்தது என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. போயர் போரில் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தவரின் பெயர் விரலுக்கு இதமான ஒரு மூடலுக்கு நின்றுவிட்டது. 1916இல் பெர்லின் என்ற ஒன்ராறியோ நகரமும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. அக்காவின் கிச்சனர் மூலையில் சிறு காதுபோல ஒரு துருத்தல் உண்டு, சப்பாத்துக்குள் உறுத்தும். மூன்றாம் பனிக்காலத்தில் குதிக்கால் மெலிந்தது. கண்ணியின் தடத்திலேயே வேறு சாம்பல் நூலை ஓட்டி அவர் அடைத்த இடம் வெயிலில் தெரியும். கடைக் காலுறையையும் இப்படி அடைக்கலாம்தான், ஆனால் அந்தப் பொடிக் கண்ணிகளைத் தேடி ஊசி ஓட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஒரு வலுவான மறுப்பு உண்டு: வெறும் காலுறையே சிறந்தது என்றால் இயந்திரமே பின்னலாமே? 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறைச் சட்டகத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் அதைத்தானே செய்துவருகிறது? வாங்குபவருக்கு இந்த மறுப்புப் பொருந்தும். என் காலின் அளவு, அடைக்கக்கூடிய குதிக்கால் இரண்டும் நல்ல காரணங்கள். 264 டொலர்க் காரணங்கள் அல்ல. பின்னுபவருக்கு அது பொருந்தாது. ரயிலில் இருக்கும் அந்த அரை மணியை எப்படியும் செலவழிக்கத்தான் வேண்டும். பள்ளத்தாக்கை விட்டுக்கொடுக்காமல் மூன்றேகால் சென்ரிமீற்றர் கையில் மிஞ்சினால் அது இலாபம்தான்.

ஆகவே என் தீர்ப்பு: கைப்பின்னல் காலுறை விற்கவோ வாங்கவோ ஏற்ற பண்டம் அல்ல. பின்னுபவர் தமக்கும், தாம் அளந்த கால்களுக்கும் பின்னிக்கொள்ள ஏற்றது. அதிலும் வெளியே கொண்டுபோய்ப் பின்னக்கூடியதே போட்டு நடக்கவும் உகந்தது. சாம்பல் தேறுகிறது. நட்சத்திரம் வெம்மைக்காக மட்டும் ஒரு புள்ளி பெறுகிறது. பச்சை தோற்கிறது.

இதை அக்காவிடம் சொல்லத் தயங்கித் தயங்கி, ஒருநாள் மூன்றையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். பச்சையின் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

“வைச்சிட்டுப் போங்கோ தம்பி. குதிக்காலை வெட்டிப்போட்டுச் சாம்பல் நூலில புதுசா வைச்சுத் தாறன். வடிவா இராது, ஆனா உழைக்கும்.”